மழை நாளில் மான் வேட்டை: பரணா, கூடாரமா, நடையா?

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து முடிந்த சனிக்கிழமை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. 2019க்கு முன்பு அது திங்கட்கிழமையாக இருந்தது. எந்தக் கிழமையானாலும் குளிர்காலத்தின் வாசல் அல்லவா? குளிர்மழையோ ஈரப்பனியோ வராமல் இருப்பது அபூர்வம். லீவு எடுத்தாகிவிட்டது, உரிமமும் பையில் இருக்கிறது, விடிந்தால் மழை. அன்றைக்கு மரப்பரணில் ஏறுவதா, தரைக் கூடாரத்தில் உட்காருவதா, காட்டுக்குள் பதுங்கி நடப்பதா? (இந்தியாவில் மான் வேட்டை குற்றம். நான் எழுதுவது, உரிமத்தோடு வெள்ளைவால் மான் வேட்டையாடும் இந்த ஊரைப் பற்றி மட்டுமே.)

தெளிந்த காலையில் பரணுக்கு ஈடு கிடையாது. பார்வை தூரம் போகும். நம் உடல் வாடையும் பெரும்பாலும் மானின் மூக்குக்கு மேலேயே மிதந்துவிடும். மழையில் கதை வேறு. இரும்புப் படிகள் வழுக்கும், உறைபனி சேர்ந்தால் இன்னும் மோசம். உடல் முழுவதையும் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டி இல்லாமல் எந்த நாளிலும் ஏறக்கூடாது. மழை நாளில் பட்டி இருந்தும் நான் தயங்குவேன். காற்று பலத்தால் மரம் ஆடும், அதோடு குறியும் ஆடும். போதாததற்கு, அப்படிப்பட்ட நாளில் மான்கள் மேட்டை விட்டுக் காற்று மறைந்த சரிவில் போய்ப் படுத்துவிடுகின்றன.

கூடாரம் உடலைக் காக்கும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். மைனஸ் பத்து டிகிரி உலர் குளிரைவிட, ஐந்து டிகிரியில் பெய்யும் மழை பல சமயம் ஆபத்தானது. நனைந்த பருத்தி உடை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைத் தக்கவைக்கும். குழந்தைகளோ வயதானவர்களோ உடன் வந்தால் யோசிக்காமல் கூடாரம்தான். குறை என்னவென்றால், துணிக்கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் காது செத்துவிடும், சன்னல் வழியே தெரியும் துண்டு நிலம்தான் உலகம்.

நடைக்குத்தான் மழை வரம். காய்ந்த ஓக் சருகில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குவது போலக் கேட்கும். நனைந்த சருகோ பழந்துணி போல அடங்கிவிடும். மரங்களிலிருந்து சொட்டும் நீர் மிச்ச ஓசையையும் மூடிவிடும். தமிழில் வாடை என்றால் குளிர்காற்று, வாடை என்றால் நாற்றமும்தான். மானைத் தேடுபவன் இரண்டையும் ஒன்றாகவே கணக்கில் வைக்க வேண்டும்: எப்போதும் எதிர்க்காற்றில் நட. மூன்று அடி, நில், பார். அரை மணியில் நூறு மீட்டர் போனாலே வேகம் அதிகம். முழு மானைத் தேடாதீர்கள். நெட்டுக்குத்தான மரங்களுக்கிடையே கிடைமட்டமாக ஒரு கோடு தெரிகிறதா என்று பாருங்கள். ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களின் அடியில் விழுந்து கிடந்த கட்டை என்று நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று, காதைச் சிலுப்பி நீர்த்துளிகளை உதறியது. இருபது அடி தூரம்கூட இருக்காது.

ஆயுதத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ரைஃபிளின் குழல்வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் மழைநீர் உள்ளே போகாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இங்கே சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே ஒரு பருவம் தொடங்கும். அதன் பக்கவாட்டுக் கிண்ணத்தில் இருக்கும் சிட்டிகை வெடிமருந்து ஈரமானால் கல்லில் பொறி மட்டும் பறக்கும், குண்டு போகாது. அந்த இடத்தைத் தோலுறையால் மூடிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

வில்லைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: மழையில் வேண்டாம். ஓர் அக்டோபர் மாலை, தூறல்தானே என்று பரணிலிருந்து ஒரு பெண்மான் மீது அம்பு விட்டேன். அடிபட்ட மான் நிம்மதியாகப் படுக்கட்டும் என்று அரை மணி காத்திருப்பது வழக்கம். பத்தாவது நிமிடத்தில் தூறல் அடைமழையானது. இறங்கிப் போய்ப் பார்த்தபோது, மேப்பிள் இலை ஒன்றில் நாணயம் அளவு இரத்தம் கண்ணெதிரே இளஞ்சிவப்பாகி இலை நரம்பு வழியே வழிந்துபோனது. அடுத்த இலையில் ஒன்றுமில்லை. டார்ச் வெளிச்சத்தில் பதினோரு மணி வரை தேடினேன், மறுநாளும் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த மான் எங்கே, எத்தனை நேரம் கிடந்து செத்தது என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

அதனால் எந்த இடத்தில் மான் தென்படும் என்பதைவிட, சுட்ட மானைக் கண்டெடுக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறேன். தூறலென்றால் ரைஃபிளோடு நடை, கிட்டத்தில் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் சுடுவேன். பலத்த காற்றென்றால் மேட்டின் மறைவுப் பக்கம் கூடாரம். அடைமழையென்றால் வீட்டிலேயே இருப்பேன், ஆனால் சன்னலைப் பார்த்தபடி, காலணியை மாட்டிக்கொண்டு. மழை விட்டதும் படுத்திருந்த மான்கள் எழுந்து உடம்பை உதறிவிட்டு மேய வரும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் சருகு இன்னும் ஈரமாகத்தான் இருக்கும்.