உப்பு மோர் கொட்டிய லேப்டாப்பும் ரிச்சி தெரு மாடிக் கடையும்

மே 6, செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணி. பேரேட்டை எடுக்கக் கை நீட்டினேன், முழங்கை சொம்பில் பட்டது. பெருங்காயமும் உப்பும் போட்டு ஆற்றி வைத்திருந்த நீர்மோர் முக்கால் சொம்பு. கீபோர்டின் இடது பாதி வெள்ளையாகிவிட்டது. திரை இரண்டு முறை மினுக்கியது, பிறகு இருட்டு.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஆபீஸ். பதினாலு பட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் ஒன்பது கடைகள் மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்னும் விற்பனை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்பவை. கடைசித் தேதி 11. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அதைக்கூடக் கட்டிவிடலாம். என்னைக் கலங்கடித்தது வேறு. மூன்று முதலாளிகளுக்கு நெய்யும் 63 நெசவாளர்களின் கூலிக் கணக்கு அந்த லேப்டாப்பில் எக்செல் கோப்பாக இருந்தது. யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், எத்தனை சேலை இறக்கினார், கூலியில் எவ்வளவு பிடித்தோம், தீபாவளிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எல்லாம் அதில்தான். ஜிஎஸ்டி தளத்தில் அது கிடையாது. பென்டிரைவில் பிப்ரவரி மாதக் கடைசியில் எடுத்த டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) காப்பி மட்டும் இருந்தது. கூலிக் கோப்பை நான் காப்பி எடுத்ததே இல்லை.

உடனே சார்ஜரைப் பிடுங்கினேன், லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தேன். அதுவரை சரி. ஒரு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு, காய்ந்திருக்கும் என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்தினேன். அதுதான் தப்பு. பக்கத்து வீட்டு அக்கா அரிசி டப்பாவில் புதைத்து வைக்கச் சொன்னார். அவர் அன்பில் சொன்னார், ஆனால் அரிசியால் உப்பை எடுக்க முடியாது. தண்ணீர் தானாகவே காய்ந்துவிடும். மோரில் இருந்த உப்பும் கொழுப்பும் போர்டில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரத்தின் மேல் மின்சாரம் ஓடினால் செம்பை அரிக்கும். பேட்டரி மாட்டியிருக்கும் வரை, அணைத்து வைத்த லேப்டாப்பிலும் போர்டின் சில இடங்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். இதெல்லாம் எனக்கு வியாழக்கிழமைதான் தெரிந்தது.

செவ்வாய் மாலையே எங்கள் ஊரில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் சொல்லப் போவதில்லை. அந்தப் பையன் பின்மூடியைத் திறக்காமலேயே சார்ஜரைச் செருகினான். எரியவில்லை. வேறு சார்ஜர் போட்டான். லேசாகக் கருகல் வாசனை வந்தது. "மதர்போர்டு போச்சு மேடம், புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன்" என்றான். உள்ளே இருக்கும் கணக்கு என்னாகும் என்று கேட்டேன். "ஃபார்மேட் ஆயிடும்" என்று சாதாரணமாகச் சொன்னான். புதன்கிழமை காலை போய்த் திருப்பி வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே ஒரு பெரிய டேட்டா ரெகவரி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பொருளைப் பார்க்காமலேயே 25,000 முதல் 40,000 வரை ஆகும் என்றார்கள்.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இருக்கும் இந்தக் கடையைச் சொன்னது என்னுடைய வாடிக்கையாளர் ஒருவர். அவர் மகனின் ஹார்ட் டிஸ்க்கை அங்கேதான் மீட்டார்களாம். வியாழன் காலை ரயிலில் எழும்பூர் வந்து இறங்கி ஆட்டோ பிடித்தேன். கேசினோ தியேட்டர் பக்கம் இறங்கி உள்ளே நடந்தால், கேமரா ஒயர் சுருள்கள் தொங்கும் ஒரு கடைக்குப் பக்கத்தில் குறுகலான படி. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம், கைப்பிடியும் கிடையாது. முதல் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு மேஜையில் மைக்ராஸ்கோப், இன்னொரு மேஜையில் மூன்று கம்ப்யூட்டர். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அண்ணன், உதவிக்கு ஒரு பெண். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். தனியாளாக வேலை செய்கிறார், கூட்டம் தாங்காது என்றார். உண்மையிலேயே தேவைப்படுபவர்கள் என்னைக் கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

லேப்டாப்பைப் பையிலிருந்து எடுப்பதற்குள் மூன்று கேள்வி கேட்டார்.

"என்னம்மா ஊத்துச்சு? எப்போ ஊத்துச்சு? அதுக்கப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணீங்க?"

மோர், உப்பு போட்டது என்றதும் முகம் மாறியது. வெறும் தண்ணீர் என்றால் நல்லது, சர்க்கரை போட்ட காபி மோசம், உப்பு அதைவிட மோசம் என்றார். நான் ஒரு முறை, ஊர்க் கடையில் இரண்டு முறை என்று ஒளிக்காமல் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு நான்காவது கேள்வி. "உங்களுக்கு லேப்டாப் வேணுமா, உள்ள இருக்கறது வேணுமா?"

இரண்டு நாளாக நான் பார்த்த, பேசிய யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. உள்ளே இருப்பதுதான் என்றேன். "அப்போ லேப்டாப்ப நான் ஆனே பண்ண மாட்டேன்" என்றார். நான் கொடுத்த பணம் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். அவர் அதில் ஒரு முறைகூடக் கரண்ட் கொடுக்கவில்லை.

என் கண்ணெதிரிலேயே பின்மூடியைக் கழற்றினார். முதல் வேலையாகப் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினார். சார்ஜர் செருகும் பக்கத்தில் போர்டு பச்சை பூத்திருந்தது. பச்சையாக இருப்பது அரித்த செம்பு, வெள்ளையாக இருப்பது காய்ந்த மோர் என்று பேனா முனையால் காட்டினார். அப்புறம் கோப்புகளெல்லாம் சேமித்திருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 63 குடும்பங்களின் கணக்கு அந்தச் சின்னப் பட்டைக்குள் இருக்கிறது என்று நினைத்தபோது கை நடுங்கியது. அதன் ஒரு முனையில், பொன்னிறப் பற்களின் மேல், மோர் படிந்திருந்தது.

நேராக அதை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிடுவார் என்று நினைத்தேன். செய்யவில்லை. 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை ஊற்றி மெல்லிய பிரஷ்ஷால் மூன்று முறை கழுவினார். மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். மிதமான சூட்டில் உலர வைத்துவிட்டு, "மூணரை மணிக்கு வாங்க, சாப்ட்டுட்டு வாங்க" என்றார். அவசரம் அண்ணே, ஞாயிறோடு தேதி முடிகிறது என்றேன். "ஈரத்தோட கரண்ட் குடுத்தா ஞாயித்துக்கெழம என்ன, எப்பவுமே கெடைக்காது" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

மூன்றரைக்கு மல்டிமீட்டர் வைத்தபோது பீப் சத்தம் வந்தது. அந்தப் பட்டைக்கு வர வேண்டிய 3.3 வோல்ட் லைன் ஷார்ட் ஆகியிருந்தது. மின்சாரத்தைச் சீராக வைக்கும் மணல் பருக்கை அளவுக் கெபாசிட்டர் ஒன்று போயிருக்கிறது என்று கண்டுபிடித்து அதை எடுத்துவிட்டார். அது இல்லாமல் ஓடுமா என்று கேட்டேன். பக்கத்திலேயே அதே வேலையைச் செய்யும் இன்னும் சில இருக்கின்றன, காப்பி எடுக்கும் நேரம்வரை தாங்கும் என்றார். மறுபடி மீட்டர் வைத்தார். சத்தம் இல்லை. அப்போதுதான் முதன்முதலாக அதற்குக் கரண்ட் கொடுத்தார்.

கோப்புகளை உடனே திறக்கவும் இல்லை. லினக்ஸ் கம்ப்யூட்டரில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் மொத்த எஸ்எஸ்டியையும் அப்படியே ஒரு நகலாக எடுத்தார். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, படிக்க மறுக்கும் இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் திரும்ப வந்து முயலும் மென்பொருள் அது. எந்த நேரமும் உயிர் போகக்கூடிய ஒன்றில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 512 ஜிபி, ஒன்றே முக்கால் மணி நேரம். மூன்று இடங்கள் மட்டும் கடைசிவரை படிக்கவில்லை.

நகலைத் திறந்தால் பூட்டு. விண்டோஸிலேயே வரும் பிட்லாக்கர் பூட்டு, 48 இலக்கச் சாவி கேட்டது. நான் அப்படி எதையும் போட்டதில்லை என்று சத்தியம் செய்தேன். புது விண்டோஸ் லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழையும்போதே பூட்டு தானாக விழுந்துவிடுவது உண்டாம், சாவி அந்தக் கணக்கிலேயே பத்திரமாக இருக்குமாம். யார் கணக்கு? யோசித்துப் பார்த்தேன். லேப்டாப் வாங்கிய அன்று எல்லாவற்றையும் செட் செய்து கொடுத்தவன் என் அக்கா மகன். ஓசூரில் வேலை, ஷிப்டில் போன் எடுக்க முடியாது. ஆறரைக்குத்தான் கூப்பிட்டான். அவன் கணக்கில் மூன்று சாவிகள் இருந்தன. திரையில் தெரிந்த அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்தோடு பொருந்தியதை அவன் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, கடைப் பெண் தட்டினார். சாவி கிடைக்காமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அண்ணனைக் கேட்டேன். "ஒண்ணுமே பண்ண முடியாது. காசும் வாங்க மாட்டேன்" என்றார்.

டேலியின் டேட்டா ஃபோல்டருக்குள் 10000-இலிருந்து தொடங்கும் ஐந்திலக்க ஃபோல்டர்கள் பதினாலும் வரிசையாக நின்றன. அழுதுவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தார்.

அன்றிரவு சைதாப்பேட்டையில் சின்னம்மா வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை மறுபடி போய் ஒவ்வொரு கம்பெனியாகத் திறந்து பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஆனது, அவர் அவசரப்படுத்தவில்லை. ஒரே ஒரு இழப்பு. 2022 தீபாவளி போனஸ் கோப்பு திறக்கவில்லை. படிக்க முடியாத மூன்று இடங்களில் ஒன்று அதன் மேல் விழுந்திருக்கிறது. அந்த வருடக் கணக்கைக் காகிதத்தில் அச்செடுத்து வைத்திருந்ததால் மீண்டும் தட்டிக்கொள்கிறேன். இதை அவரே முதலில் சொன்னார், நான் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

பணம்: வேலைக்கு 6,500, ஜிஎஸ்டி 18 சதவீதம் 1,170, ஆக 7,670 ரூபாய். பார்ப்பதற்கு முதலில் வாங்கிய 500 அதிலேயே கழிந்தது. ஜிஎஸ்டி எண்ணோடு முறையான பில் கொடுத்தார். கணக்கு எழுதுபவளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. காப்பி வாங்கிக்கொள்ள ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் நான் தனியாகக் கீழே வாங்கினேன்.

குறைகளும் உண்டு. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை போனை எடுப்பதில்லை. உட்கார இரண்டு ஸ்டூல்தான், மே மாத வெயிலுக்கு ஒரே ஒரு மின்விசிறி. எனக்கு உறுத்தியது இன்னொன்று. என் லேப்டாப்பில் பதினாலு பேருடைய பான் எண்ணும் வங்கி விவரமும் இருந்தன. அவற்றை யாரிடமும் தர மாட்டோம் என்று எழுத்தில் ஒரு தாள் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. வாய்வார்த்தைதான். வாடிக்கையாளர் மறந்துபோய்த் திரும்பி வந்தால் உதவும் என்று ஒரு வாரம் நகலை வைத்திருப்பாராம். எனக்கு வேண்டாம் என்றேன், என் முன்னாலேயே அழித்தார். இருந்தாலும் ஒரு தாள் அச்சடித்து வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். அவரிடமும் சொன்னேன், செய்வதாகச் சொன்னார்.

லேப்டாப் பிழைக்கவில்லை. பழைய போர்டு வாங்கி மாற்றினால் 14,000 ஆகும், இதில் போடாதீர்கள் என்று அவரே தடுத்துவிட்டார். மேஜையில் இளநீர் கொட்டிய மேக்புக் ஒன்று இருந்தது. அதில் சேமிப்புச் சிப்புகள் போர்டிலேயே பற்றவைத்தவை. 2018க்குப் பிறகு வந்தவற்றில் பூட்டின் சாவியும் அந்த போர்டோடு கட்டப்பட்டது என்பதால், கழற்றி வேறு இடத்தில் செருக முடியாது, போர்டையே உயிர்ப்பித்தால்தான் உண்டு என்றார். மூன்று நாளாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புது லேப்டாப் வாங்கும்போது எஸ்எஸ்டி தனியாகக் கழற்ற வருமா என்று கேட்டுத்தான் வாங்கினேன்.

சனிக்கிழமை கூலி நாள். வழக்கம்போல ஒவ்வொருவர் பாக்கியையும் படித்தேன். முப்பது வருடமாகத் தறியில் இருக்கும் பெரியவர் ஒருவர் தன் கைநோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தார். முன்பணத்தில் பாக்கி 18,400. "சரியா இருக்கும்மா" என்று நோட்டை மூடினார். அன்றிரவு பதினொரு மணிக்கு ஒன்பதாவது ஜிஎஸ்டிஆர்-1ஐயும் ஏற்றினேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு கடை கிடையாது. சார்ஜர் வேண்டாம், லேப்டாப் மட்டும் போதும். யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் லேப்டாப் திறக்கிறது என்று ரயில் ஏறுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் அந்த ஷிப்ட் முடிவதற்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரம் லேசானதல்ல.