முதலாமாண்டு கட்டுரைப் பயிற்சிக்கு கூகுள் டாக்ஸ்: ஒரு மதிப்பீடு

பிளஸ் டூ வரை கைடில் உள்ள பத்தியை அப்படியே ஒப்பித்து மார்க் வாங்கியவர்கள், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கல்லூரியில் சேர்ந்ததும் ‘உங்கள் கருத்தை ஆதாரத்துடன் எழுதுக’ என்ற முதல் அசைன்மென்டிலேயே திணறிப்போகிறார்கள். இதற்கென்று காசு வாங்கும் வகுப்புகளும் ஆப்களும் நிறைய வந்துவிட்டன. இணையத்தில் எழுதவும் திருத்தவும் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் டாக்ஸே இந்த வேலைக்குப் போதும். ஆனால் பலர் எட்டிப் பார்க்காத மூன்று வசதிகளைப் பயன்படுத்தினால்தான் பலன் உண்டு: வெர்ஷன் ஹிஸ்டரி (பழைய வரைவுகளைத் திரும்பிப் பார்ப்பது), கமென்ட் (வரியின் ஓரத்தில் குறிப்பு எழுதுவது), சஜெஸ்டிங் (மாணவர் ஏற்கவோ மறுக்கவோ கூடிய திருத்தமாகக் காட்டுவது).

முதலில் வெர்ஷன் ஹிஸ்டரி. கணினியில் ஃபைல் மெனுவுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வரைவும் முடிந்ததும் அதற்கு ‘வரைவு 1’, ‘வரைவு 2’ என்று பெயர் கொடுத்து வைக்க வேண்டும். 300 சொல் கட்டுரைக்கு மூன்று வரைவு சரியாக இருக்கும். முதல் வரைவை ஒரே மூச்சில், பிழை திருத்தாமல் எழுதி முடிக்க வேண்டும். ஒரு நாள் விட்டு எழுதும் இரண்டாவதில் காரணங்களை மட்டும் பார்க்கலாம். மொழிப்பிழை மூன்றாவதில்தான். இந்த வரிசை மாறினால் காரியம் கெடும். எழுத்துப்பிழையெல்லாம் நீக்கிப் பளபளவென்று ஆக்கிய வாக்கியத்தை, அதன் வாதம் பொய் என்று தெரிந்த பிறகும் வெட்ட மனம் வராது.

சிந்தனைப் பயிற்சி நடப்பது கமென்டில். ‘ஓகி புயலில் மீனவர்கள் இறந்ததற்கு எச்சரிக்கை தாமதமானதே காரணம்’ என்று ஒரு மாணவி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அந்த வரியை செலக்ட் செய்து, ‘ஓகி புயலாக மாறியது 2017 நவம்பர் 30. தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் எப்போது கரையை விட்டன?’ என்று மட்டும் கேட்டால் போதும். அவர் தேடிப் பார்ப்பார். அந்தப் படகுகள் ஒருமுறை போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவை, கரையிலிருந்து வெகுதூரம் போனால் செல்போனும் எடுக்காது என்று தெரியவரும். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தாலும் அது அவர்கள் காதுக்கு எந்த வழியில் போயிருக்கும் என்ற அடுத்த கேள்வி தானாக எழும். ஒரே காரணம் சொன்ன வாக்கியம் இரண்டு காரணங்களாகப் பிரியும்: எச்சரிக்கை எப்போது வந்தது, அதைக் கொண்டுசேர்க்கும் கருவி படகில் இருந்ததா. எந்தக் காரணம் எந்தப் படகுக்குப் பொருந்தும் என்று பிரித்து எழுதினால் அந்தப் பத்தி தேறிவிட்டது. இதே கமென்டை ‘நன்று’, ‘இன்னும் விரிவாக எழுதவும்’ என்று வீணடிப்பவர்களும் உண்டு. அதனால் மாணவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

‘எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் படித்தவர்கள்’ என்ற வாக்கியமும் குமரி மாவட்டக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 92 சதவீதம். அதுவும் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் கணக்கு. ‘எழுத்தறிவும் படிப்பும் ஒன்றா?’ என்று கமென்டில் கேட்டுவிட வேண்டியதுதான்.

சஜெஸ்டிங்கில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆசிரியர் திருத்தித் தர, மாணவர் படித்தே பார்க்காமல் டிக் குறியைத் தட்டிக்கொண்டே போவார். கட்டுரை சரியாகிவிடும், ஆள் அப்படியே இருப்பார். எனவே முதல் பத்தியில் மட்டும் திருத்திக் காட்டிவிட்டு, அதே வகைப் பிழையை மற்ற பத்திகளில் அவரையே தேடச் சொல்லலாம். வல்லினம் மிகும் இடங்களுக்கு இந்த மென்பொருளை நம்பக் கூடாது.

பகிரும்போதும் தவறு நடக்கிறது. படிக்க மட்டும் முடிகிற வியூவராகச் சேர்த்தால் ஆசிரியருக்கு வெர்ஷன் ஹிஸ்டரி தெரியாது, திருத்தவும் முடிகிற எடிட்டராகச் சேர்க்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எடிட்டர் லிங்க்கைப் போட்டால் யாரோ ஒருவர் பாதிக் கட்டுரையை அழித்துவிடுவார். பழைய வெர்ஷனை ரீஸ்டோர் செய்து மீட்கலாம் என்பது ஆறுதல். டிடிபி சென்டரில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும், யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். கட்டுரை முழுவதும் ஒரே நொடியில் வந்து விழுந்ததாக ஹிஸ்டரி காட்டினால் உடனே ஏஐ எழுதியது என்று முடிவு கட்டுவதும் அவசரம். போன் நோட்ஸில் அடித்துவிட்டுக் கொண்டுவந்து ஒட்டியிருக்கலாம். வாதத்தை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

குலசேகரத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவருக்குக் கையில் இருப்பது போன் மட்டும்தான். ஆப்பில் அந்தக் கோப்பை ஆஃப்லைனில் கிடைக்கும்படி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் எழுதலாம். ஆனால் சின்னத் திரையில் கட்டுரையின் அமைப்பு கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டாம் வரைவுக்கு முன் ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஒரு தாளில் ஒரே வரியாக எழுத வேண்டும். இரண்டு பத்திக்கு ஒரே வரி வந்தால் சேர்த்துவிடலாம், ஒரு வரியும் வராத பத்தியை வெட்டிவிடலாம். செமஸ்டர் தேர்வு பேனாவில்தான் என்பதால், இரண்டு கட்டுரைக்கு ஒன்றையாவது மூன்றாம் வரைவில் கையால் எழுதிப் பழக வேண்டும். அங்கே பேக்ஸ்பேஸ் கிடையாது.