ஸ்விஃப்ட் பின்னாடி ஷாக் அப்சார்பர பிரிச்சு ரீபில்ட் பண்ணினேன், 7 மாசம் ஓட்டின அனுபவம்

வண்டி 2013 ஸ்விஃப்ட் விடிஐ, டீசல், 1 லட்சத்து 18 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. இன்ஜின பத்தி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், பின்னாடி சஸ்பென்ஷன்தான் ரெண்டு வருஷமா உயிர வாங்குச்சு. தனியா ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியாது. பின் சீட்ல மூணு பேர், டிக்கில ரெண்டு பேக்னு ஆனதும் வண்டி குந்திக்கும், கோயம்புத்தூர் எல் அண்ட் டி பைபாஸ்ல பாலத்து ஜாயிண்ட் மேல ஏறி இறங்கினா ஒரு தரம் அமுங்கி ரெண்டு தரம் ஆடிட்டுதான் நிக்கும். வளைவுல பள்ளம் வந்துச்சுன்னா இன்னும் மோசம், பின் சக்கரம் லேசா குதிச்சு பக்கவாட்டுல ஒரு இஞ்ச் நகர்ந்த மாதிரி இருக்கும், கை தானா ஸ்டீரிங்க இறுக்கிப் புடிக்கும்.

முதல்ல நான் பண்ணினது முட்டாள்தனம், அத சொல்லாம இந்த ரிவ்யூ புரியாது. ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல சொருகுற ரப்பர் பஃபர் விக்கிறாங்கள்ல, அத ஆன்லைன்ல வாங்கி ஒரு சீட் கவர் கடையில மாட்டிட்டேன். ஜோடி 2,800 ரூபா, அரை மணி நேர வேலை. வண்டி பின்னாடி நல்லா தூக்கிச்சு, ஸ்பீடு பிரேக்கர்ல அடி இடிக்கல, ஒரு வாரம் எல்லார்கிட்டயும் பெருமை பேசினேன். அடுத்த வாரம் ஆழியார் தாண்டி வால்பாறை மலை ஏறினோம். 40 கொண்டை ஊசி வளைவுல பத்தாவது தாண்டுறதுக்குள்ளயே என் பொண்ணு வாந்தி எடுத்துட்டா, பின்னாடி உக்காந்திருந்த அம்மா "இதென்னடா மாட்டு வண்டில ரப்பர் பந்த கட்டி விட்ட மாதிரி இருக்கு"ன்னாங்க. இறங்குறப்ப ஒரு நனைஞ்ச வளைவுல பின்பக்கம் லேசா வழுக்குச்சு பாருங்க, அன்னைக்கு பயந்தவன்தான்.

அப்புறம் ஃப்ரெண்ட் ஒருத்தன் சொல்லி கணபதியில சத்தி ரோட்டுல இருந்து ரெண்டு சந்து உள்ள இருக்கிற இந்த சஸ்பென்ஷன் கடைக்கு போனேன். கடைக்கு போர்டே கிடையாது. முன்னாடி ஒரு லேத், பின்னாடி ஒரே ஒரு லிஃப்ட், சுவர்ல சேறு அடிச்ச பழைய மாருதி ஜிப்சி ரேலி போட்டோ ரெண்டு. ஓனருக்கு அறுபது வயசு இருக்கும், செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்குக்கு வண்டி ரெடி பண்ணின கைங்க. "ஏனுங் தம்பி, என்ன பிரச்சன"ன்னு கேட்டாரு, நான் பெரிய லிஸ்ட் படிச்சேன், அவரு ஒண்ணும் பேசாம சாவிய எங்கிட்டயே குடுத்து "நீங்க ஓட்டுங், நான் பின்னாடி உக்கார்றேன்"னாரு. இதுவரைக்கும் எந்த மெக்கானிக்கும் டெஸ்ட் டிரைவ்ல பின் சீட்ல உக்காந்து பார்த்ததில்ல. பைப்லைன் தோண்டின ரோடா பார்த்து கூட்டிட்டு போக சொன்னாரு (நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்), ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு "போதுங், திருப்பிக்கோங்"ன்னாரு.

வந்ததும் முதல்ல எடுத்தது ஸ்பேனர் இல்ல, காத்து கேஜ். பின் டயர் ரெண்டுலயும் 38 பிஎஸ்ஐ இருந்துச்சு. பங்க்ல பையன் கணக்கில்லாம அடிச்சு விட்டிருக்கான், நானும் பார்க்கல. டிரைவர் கதவுகிட்ட, எவ்ளோ காத்து அடிக்கணும்னு போட்டிருக்கிற ஸ்டிக்கர காட்டி "கம்பெனிக்காரன் இத சும்மா ஒட்டலீங்"ன்னாரு. அசிங்கமா போச்சு.

அப்புறம் பஃபர கழட்டி கையில வெச்சுக்கிட்டு அவரு சொன்ன விஷயம்தான் எனக்கு கண்ண தொறந்துச்சு. காயில் ஸ்பிரிங்ல எத்தன சுத்து வேலை செய்யுதுங்கறது முக்கியம், சுத்து குறைய குறைய ஸ்பிரிங் இறுகும். பஃபர் ஒரு சுத்த கடிச்சு புடிச்சுக்குது, அந்த சுத்து செத்த மாதிரி. அதனாலதான் வண்டி தூக்கி நிக்குது. ஆனா இறுகின ஸ்பிரிங் அமுங்கிட்டு திரும்பி வர்றப்ப வேகமா எகிறும், அத அடக்க வேண்டியது ஷாக். என் ஷாக் ஒரிஜினல் ஸ்பிரிங்கயே புடிக்க முடியாம தேஞ்சு கிடந்துச்சு, இத எங்க புடிக்கும். "ஸ்பிரிங் தூக்கும், ஷாக்கு புடிக்கும், நீங்க தூக்குறவனுக்கு சோறு போட்டுட்டு புடிக்கிறவன பட்டினி போட்டுட்டீங்"ன்னாரு. மலைல பின்பக்கம் வழுக்கினதுக்கும் இதான் காரணம். ஸ்விஃப்ட்ல பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கிற டார்ஷன் பீம் இருக்குல்ல, வண்டி வளைவுல சாயறப்ப அது முறுக்கிக்கிட்டு சாயாம தடுக்கும். ஸ்பிரிங்கும் சேர்ந்து ரொம்ப இறுகிட்டா வெளிப்பக்க பின் டயர் மேலயே பாரம் விழும், பின்பக்க பிடி குறையும். காஞ்ச ரோட்டுல அது கொஞ்சம் நல்லதுதான், ஏன்னா டீசல் ஸ்விஃப்ட்டுக்கு மூக்கு கனம், வளைவுல ஸ்டீரிங் திருப்பினாலும் நேரா போகத்தான் பார்க்கும், பின்பக்கம் கொஞ்சம் இறுகினா மூக்கு உள்ள வரும். அந்த 'கொஞ்சம்'ங்கறதுலதான் விஷயமே இருக்கு. நனைஞ்ச ரோட்டுல கூடுதலா இறுகின வண்டி, வளைவு நடுவுல பயந்து ஆக்சிலேட்டர விட்டா பின்னாடி சுத்தி வரும்.

என்கிட்ட உயரத்த குறைக்கற ஸ்பிரிங் போடலாமான்னு ஒரு ஆசை இருந்துச்சு, கேட்டேன். "மூணு மாசத்துல சம்ப் கார்டு (இன்ஜின் அடில இருக்கிற தகடு) காசு, ஸ்பீடு பிரேக்கர் திட்டு, எஃப்சில கேள்வி, எதுக்குங்"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. ஸ்பிரிங் புதுசு வாங்கிட்டு வர சொன்னாரு, கம்பெனி ஒரிஜினலே போதும்னு. பழச கழட்டி புதுசு பக்கத்துல நிக்க வெச்சப்ப ஒண்ணு 12 மில்லிமீட்டர் குட்டை, இன்னொண்ணு 8. வண்டி குந்தினதுக்கும் ஒரு பக்கமா சாஞ்ச மாதிரி இருந்ததுக்கும் அப்பவே விடை கிடைச்சுது.

இப்ப மெயின் வேலை. ஷாக்கும் புதுசா கம்பெனி ஷாக்தான் வாங்க சொன்னாரு, ஆனா அத அப்படியே போடல. மேல மடிச்சு சீல் பண்ணிருக்கிற வாய லேத்துல வெட்டி, மரை போட்டு, கழட்டி மாட்டுற மாதிரி மூடி செஞ்சு, உள்ள இருக்கிற பிஸ்டன வெளிய எடுத்தாரு. பிஸ்டன் மேலயும் கீழயும் பேப்பர் மாதிரி மெல்லிசா வட்ட வட்டமா ஸ்டீல் தகடு அடுக்கிருக்கு, ஷிம்னு சொல்றாங்க. ஆயில் ஓட்டையில போறப்ப இந்த தகடு வளைஞ்சு வழி விடும், அதிகமா வளைஞ்சா ஷாக் மெத்து, கம்மியா வளைஞ்சா இறுக்கம். தகட மாத்தி அடுக்கினா ஷாக்கோட குணமே மாறிடும்! அமுங்குற பக்கத்த கிட்டத்தட்ட அப்படியே விட்டுட்டு, திரும்பி வர்ற பக்கத்த மட்டும் இறுக்கினாரு. பள்ளத்துல விழறப்ப இடுப்பு போகாது, எழும்பறப்ப எகிறாது. நல்ல ஆயில் ஊத்தி, சைடுல ஒரு சின்ன வால்வு வெல்டு பண்ணி குறைஞ்ச பிரஷர்ல நைட்ரஜன் ஏத்தினாரு. மலை ரோட்டுல ஆயில் சூடாகி காத்தோட கலந்து நுரைச்சுட்டா ஷாக் வேலையே செய்யாதாம், கேஸ் பிரஷர் அந்த நுரைய அமுக்கி வைக்கும். இதெல்லாம் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பார்த்தேன். ரெண்டு டீ, ஒரு தேங்கா பன்னு.

புஷ் விஷயமும் சொல்லணும். பீம் பாடியோட சேர்ற எடத்துல இருக்கிற ரெண்டு ரப்பர் புஷ்ஷும் கிழிஞ்சிருந்துச்சு. 40 ஆயிரம் கிலோமீட்டர் முன்னாடிதான் வேற ஒரு கேரேஜ்ல மாத்தினேன், எப்படி அதுக்குள்ளன்னு கேட்டா, வண்டி லிஃப்ட்ல தொங்கறப்பவே போல்ட்ட ஃபுல்லா டைட் பண்ணிருப்பாங்கன்னாரு. தொங்குற நிலையில இறுக்கினா ரப்பர் அந்த கோணத்துலயே ஒட்டிக்கும், கீழ இறக்கினதும் நின்ன எடத்துலயே எந்நேரமும் முறுக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். இவரு போல்ட்ட லூசா விட்டுட்டு வண்டிய நாலு சக்கரத்துல நிக்க வெச்சு, டிக்கிய ரெண்டு தரம் அமுக்கி விட்டு, அப்புறம் அடில படுத்து டைட் பண்ணினாரு. ரப்பருக்கு பதிலா இன்னும் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமான்னதுக்கு, ரேஸுக்கு ஓகே, வீட்டு வண்டிக்கு சத்தம் ஏறும்னுட்டாரு. அவருகிட்ட எனக்கு புடிச்சதே இதான், காசு வர்ற வேலைய அவரே வேண்டாம்ங்கறாரு.

பில்லு: ஷாக் ரெண்டு 3,800, ஸ்பிரிங் ரெண்டு 3,600, ரீபில்ட் ஒண்ணுக்கு 3,500 வீதம் 7,000, புஷ் 1,400, பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுசா அமுங்கறப்ப இடிக்காம தாங்குற ரப்பர்) டஸ்ட் பூட்டும் (தூசி தடுக்கிற உறை) 600, கூலி 2,500. மொத்தம் 18,900. 13 வருஷ வண்டிக்கு இவ்ளோவான்னு வீட்ல ஒரு பார்வை பார்த்தாங்க.

ரிசல்ட்டு. முதல் நாளே வித்தியாசம் தெரிஞ்சுது, பைபாஸ் ஜாயிண்ட்ல 'டப்'புனு ஒரே சத்தம், அவ்ளோதான், ஆட்டம் இல்ல. 80ல லேன் மாத்தினா பின்பக்கம் முன்பக்கத்தோட சேர்ந்தே வருது, முன்னாடியெல்லாம் அரை செகண்ட் கழிச்சுதான் வரும். போன மாசம் திரும்பவும் வால்பாறை போனோம், அதே அஞ்சு பேர், கிட்டத்தட்ட அதே பேக். ஒன்பதாவது வளைவு வியூ பாயிண்ட்ல நிறுத்தினப்ப பொண்ணு தெளிவா இறங்கி குரங்கு பார்த்துட்டு இருந்தா. 27வது வளைவுல வாந்தி எடுத்துட்டா, அது வேற விஷயம், கீழ சாப்ட பரோட்டா. மூக்கு உள்ள வர்றது நல்லாவே தெரியுது, வளைவுக்கு ஒரு தரம் திருப்பினா போதும், நடுவுல திருத்த வேண்டியதில்ல. வளைவுல பள்ளம் வந்தாலும் அந்த ஒரு இஞ்ச் நகர்வு இல்ல.

குறை இல்லாமலும் இல்ல. 20, 30 ஸ்பீடுல உடைஞ்ச ரோட்டுல தனியா போனா முன்ன விட கடினம்தான், அம்மாவுக்கு அது புடிக்கல. அஞ்சு நாள்னு சொன்ன வேலை பதினோரு நாள் ஆச்சு, ஃபோன் பண்ணினா எடுக்கவே மாட்டாரு, நேர்ல போய் நின்னாதான் நடக்கும். ரெண்டாவது மாசம் இடது ஷாக் சீல்ல ஆயில் கசிஞ்சுது, எனக்கு வயித்தெரிச்சல். கொண்டு போய் காட்டினேன், மறுபேச்சு பேசல, அன்னைக்கே கழட்டி சீல் மாத்தி, ஆயிலும் கேஸும் திரும்ப ஏத்தி ஒரு ரூபா வாங்காம அனுப்பினாரு. அதுக்கப்புறம் சொட்டு இல்ல. ஆனா எழுத்துல வாரண்டி எல்லாம் எதிர்பார்க்காதீங்க, அவரு வாய் வார்த்தைதான்.

இன்னொண்ணு, வேலை முடிஞ்சு முன் சக்கரம் டோ (சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கிற அளவு) பார்க்க ஒரு அலைன்மென்ட் கடைக்கு போனேன், பின்னாடி கேம்பர் (சக்கரம் நேரா நிக்காம சாஞ்சு நிக்கிற அளவு) அவுட், 800 ரூபால சரி பண்ணி தர்றேன்னாங்க. இந்த வண்டில பின்னாடி கேம்பர், டோ ரெண்டுக்குமே அட்ஜஸ்ட் பண்ண போல்ட்டே கிடையாது. எந்த போல்ட்ட திருப்புவீங்கன்னு கேட்டேன், பையன் உள்ள போயிட்டு திரும்பி வரவே இல்ல.

போறவங்க காலைல 10 மணிக்குள்ள போங்க, ஞாயிறு லீவு, ஜிபே இருக்கு. முக்கியமா டிக்கிய காலி பண்ணிட்டு போங்க. நான் ரேஷன் கடையில இருந்து நேரா போயிட்டேன், வண்டி உயரம் அளக்க டேப்ப எடுத்தவரு டிக்கிய தொறந்து அரிசி மூட்டைய பார்த்துட்டு, பார்த்தாரு பாருங்க ஒரு பார்வை, இறக்கி வெச்ச பிறகுதான் பேசவே ஆரம்பிச்சாரு.