புதுப் பெயின்ட்டை நம்பி 78,000 ரூபாயை இழந்தேன்: வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் படியுங்கள்

இன்று காலை அந்த வீடு மறுபடியும் விளம்பரத்தில் வந்திருக்கிறது. அதே படுக்கையறை, அதே வெள்ளைச் சுவர், பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்ட வீடு’ என்ற அதே பச்சைக் குறி. வாடகை மட்டும் 2,000 ரூபாய் கூடியிருக்கிறது. நாங்கள் காலி செய்து இருபது நாள்கூட ஆகவில்லை. இன்னொரு குழந்தை அந்த அறையில் படுப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

போன ஆகஸ்டில், புரோக்கர் இல்லாமல் வீடு பிடித்துத் தரும் ஒரு செயலியில் பணம் கட்டிச் சேர்ந்தோம். அதில்தான் மடிப்பாக்கத்து வீடு கிடைத்தது. இரண்டாம் மாடி, தலைக்கு மேல் மொட்டைமாடி. வாடகை 17,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். பார்க்கப் போன அன்று உரிமையாளரின் மனைவி காபி கொடுத்தார். உரிமையாளர் என் மகளின் தலையைத் தடவி, “என் பேத்தி மாதிரி இருக்கிறாள். உங்களிடம் போய்க் கணக்குப் பார்ப்பேனா அம்மா?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். வடக்குச் சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட். மற்ற மூன்றும் பழசு. கண்ணில் பட்டது, ஏன் என்று கேட்க வாய் வரவில்லை. பரணைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி மூக்கைத் துளைத்தது. அதையும் சுத்தம் என்றே எடுத்துக்கொண்டேன். அன்று இரவே ஒரு லட்சத்தையும் அனுப்பிவிட்டேன்.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பிடித்ததும் வடக்குச் சுவர் அப்பளம் போல உப்பியது. விரல் பட்டாலே பெயின்ட் பட்டியோடு உதிர்ந்தது, உள்ளே ஒரே கறுப்பு. பீரோவை நகர்த்தினோம், அதன் முதுகு முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. மகளின் பள்ளி ஷூவுக்குள் பச்சைப் பூசணம்.

அவளுக்கு ஐந்து வயது. கார்த்திகை முழுவதும் இருமினாள். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள், நெஞ்சுக்குள் விசில் அடிப்பது எனக்கே கேட்கும். மூன்றாவது முறை போனபோது டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, “வீட்டுச் சுவரில் ஓதம் இருக்கிறதா?” என்று கேட்டார். பூஞ்சை விடும் நுண்ணிய வித்துகள் மூச்சோடு உள்ளே போய் ஒவ்வாமையையும் இளைப்பையும் கிளப்பும், ஆஸ்துமா இருந்தால் இன்னும் மோசமாக்கும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. கசிவை அடைக்காமல் மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் திரும்ப வருமாம்.

அன்று இரவு தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சையால் மூச்சுக் கோளாறு வந்து 2020 டிசம்பரில் இறந்திருக்கிறான். அவன் அப்பா புகார் சொன்னபோது, வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் பூஞ்சை மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். எனக்கும் அதே பதில்தான் வந்திருந்தது. அங்கே அவன் பெயரிலேயே சட்டம் வந்துவிட்டது.

உரிமையாளருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். முதலில், “சென்னை மழைக்கு எல்லா வீட்டிலும் வரும்” என்றார். பிறகு, “ஜன்னலைத் திறந்து வையுங்கள்.” பிறகு, “ஈரத்துணியை உள்ளே காயப்போட்டால் அப்படித்தான், நீங்களே பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.” மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குவதைக் காட்டக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பார். செயலிக்காரர்களோ, “நாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே” என்று ஒரே பதிலை நான்கு முறை அனுப்பினார்கள். அப்படியென்றால் அந்தப் பச்சைக் குறி எதற்கு? எதைச் சரிபார்த்தார்கள்?

தை பிறந்ததும் காலி செய்தோம். பேத்தி மாதிரி என்றவர் கணக்குச் சீட்டை நீட்டினார்: பெயின்ட் அடிக்க 34,000, சுத்தம் செய்ய 10,000, முன்னறிவிப்பு இல்லாமல் காலி செய்ததற்கு இரண்டு மாத வாடகை 34,000. மொத்தம் 78,000. ஒரு லட்சத்தில் கைக்கு வந்தது 22,000. அவர் கூரை ஒழுகி, என் குழந்தைக்கு மூச்சு முட்டி, அதற்கு நான் 78,000 தண்டம் கட்டியிருக்கிறேன்!

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டடத்தின் பெரிய பழுதும் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் அதன் அட்டவணையில் உரிமையாளர் பொறுப்பு. எழுத்து மூலம் கேட்டும் அவர் சரிசெய்யாவிட்டால், நாமே செய்து வாடகையில் கழிக்கலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. குடியிருக்கவே முடியாத நிலை என்றால் 15 நாள் அறிவிப்பு கொடுத்து வெளியேறலாம். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். எங்கள் ஒப்பந்தம் வெறும் முத்திரைத்தாள், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவில்லை. “அதுதான் சிக்கல்” என்கிறார் வழக்கறிஞர். ஆனாலும் 78,000 ரூபாயை விடுவதாக இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், நேரமில்லை. ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் போகாதீர்கள். முடிந்தால் மழைநாளில் போய்ப் பாருங்கள், மொட்டைமாடிக்கு ஏறுங்கள், பரணை முகர்ந்து பாருங்கள். சாவி வாங்கும் அன்றே வீடியோ எடுங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். புகாரை வாயால் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். மகளுக்கு நெபுலைசர் வைக்க வேண்டும், போகிறேன்.