கிராக்கா, லைசென்ஸா, லினக்ஸா: ஒரு டிடிபி கடைக் கணக்கு

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை, அதாவது கணினியில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குத் தரும் கடை, போடுகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. ஆள் கூப்பிட்டு கிராக் (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டு உடைத்த திருட்டு நகல்) ஏற்றலாம், காசு கட்டி லைசென்ஸ் வாங்கலாம், இல்லையென்றால் லினக்ஸ் மாதிரி யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் முடிகிற கட்டற்ற மென்பொருளுக்குப் போகலாம். நாங்கள் எடுத்தது மூன்றாவது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ரகசியமில்லை.

கிராக்கின் வசதி தெரிந்ததுதான். செலவில்லை, பழகிய மெனு, பொள்ளாச்சி அச்சகம் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் செய்து அனுப்பும் கோரல் ஃபைல் அப்படியே திறக்கும். பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில், திருட்டு நகலைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து கிராக்கை விட்டவரை நான் பார்த்ததில்லை.

"தேங்காய் பறித்தால் தோப்புக்காரனுக்குக் குறையும், காப்பி அடித்தால் யாருக்கு என்ன குறையுது?" என்பார்கள். பெரிய கம்பெனி விஷயத்தில் இதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. தமிழ் எழுத்துரு செய்து விற்கும் சின்ன ஆட்கள் விஷயத்தில் அது நேராக வயிற்றில் அடிப்பதுதான்.

எனக்கு முடிவைத் தந்தது வேறு. கடைக் கணினியில் கிடப்பது நம் ஃபைல் மட்டுமில்லை. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் என்று ஊர்க்காரர்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். கிராக் போடுகிறவர் முதலில் ஆன்டிவைரஸை அணைப்பார், அப்புறம் அப்டேட்டை நிறுத்துவார். அந்தக் கிராக்கை எழுதியவன் யார், உள்ளே எதைச் சேர்த்து வைத்தான் என்று அவருக்கும் தெரியாது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை விண்டோஸ் கணினிகளில் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். கேரளத்தில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள்கூட மாட்டின. கம்பெனிக்கு நஷ்டமா இல்லையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். பாஸ்புக்கை நம்பி நீட்டிய அக்காவைக் கேட்காமல் அவர் தலையில் ஆபத்தை வைக்க நாம் யார்?

லைசென்ஸ் சுத்தமான வழி. டிசைன் வேலை மாதம் முழுக்க வந்தால் கட்டுபடியாகும். கல்யாண சீசனை நம்பும் எங்களுக்கு ஆகாது.

சரி, லினக்ஸ். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில், படம் வரைய இங்க்ஸ்கேப், ஃபோட்டோ திருத்த கிம்ப், பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் வைத்து ஓட்டுகிறோம். ஆள் கிடைப்பதுதான் இதில் பெரிய லாபம். கேரள அரசுப் பள்ளிகளில் ஐடி பாடமே கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளையும் கிம்ப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறது. செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் கோபாலபுரத்தில் கடை போட்டால் இந்தக் கணக்கு மாறலாம்.

தொல்லையும் உண்டு. கோரல் ஃபைல் இங்க்ஸ்கேப்பில் திறக்கும், ஆனால் வரிகள் இடம் மாறிக் கிடக்கும். அச்சகத்தின் நான்கு மை நிறங்களைப் பிரித்துத் தரும் நால்வண்ண வேலைக்கு கிம்ப் சரிப்படாது, அச்சுக்குப் போவதை ஸ்கிரைபஸில் முடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறோம். பெரிய ஃபிளெக்ஸ் வேலை எங்களிடம் வருவதில்லை. அதையே நம்பியிருப்பவர்கள் என் பேச்சை வைத்து மாறாமல், லினக்ஸில் ஃபிளெக்ஸ் போடுகிற யாரையாவது பிடித்துக் கேட்பது நல்லது.