வின்செஸ்டர் 94 சேடில் ரிங் கார்பைன்: பல வருடம் வைத்திருந்து பார்த்ததில் தெரிந்தவை

பழைய லீவர் கார்பைன், அதாவது அடியில் இருக்கும் பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா ஏற்றும் குட்டைத் துப்பாக்கி, வாங்க ஆசைப்படும் நண்பர்கள் எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. குழல், ரிசீவர் (சுடும் பொறி அடங்கிய நடு இரும்புப் பகுதி), மரக்கட்டை, குறிபார்க்கும் முள், திருகு என்று அந்தத் துப்பாக்கியின் எல்லாப் பாகங்களும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா? சொல்கின்றன என்றால் விலையைப் பற்றிப் பேசலாம். ஒரு பாகம் மாற்றிச் சொன்னாலும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அமெரிக்காவின் கொலராடோவில் குடியேறிய பிறகு நான் வாங்கியது 1920களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒரு வின்செஸ்டர் மாடல் 94 கார்பைன். 20 அங்குலக் குழல், .30-30 தோட்டா, ரிசீவரின் இடப்பக்கம் சேணத்தில் மாட்டுவதற்கான வளையம், அதாவது சேடில் ரிங். சீரியல் நம்பர் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. வாங்கி இத்தனை வருடத்தில் அதை அலமாரியில் பூட்டியே வைத்திருக்கவில்லை, சுட்டும் பார்க்கிறேன். இந்தக் குறிப்பு அந்தப் பழக்கத்திலிருந்து வருவது.

இந்த மாடலை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். 1894இல் .32-40, .38-55 தோட்டாக்களுக்காக வெளிவந்தது. புகையற்ற வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் நிக்கல் எஃகுக் குழல் தயாரானதும், 1895இல் .30-30 வந்தது. அதன் பிறகு விற்பனை எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. பத்து லட்சமாவது துப்பாக்கி 1927இல் ஜனாதிபதி கூலிட்ஜுக்கும், இருபது லட்சமாவது 1953இல் ஐசன்ஹோவருக்கும் பரிசாகப் போயின. 2006இல் நியூ ஹேவன் ஆலையில் தயாரிப்பு நின்றபோது மொத்தம் எழுபது லட்சத்தையும் தாண்டியிருந்தது. ஆகவே வின்செஸ்டர் 94 என்ற பெயர் மட்டும் அபூர்வம் ஆகிவிடாது. எந்த வருடம், எந்தத் தோட்டா, எவ்வளவு கைபடாமல் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சீரியல் நம்பர் ரிசீவரின் அடியில், முன்பக்கமாக இருக்கும். 27 லட்சமோ அதற்கு மேலோ உள்ள எண் என்றால் அது 1964இல் தயாரிப்பு முறையை மாற்றிய பிறகு வந்தது. செலவைக் குறைக்க, தோட்டாவைத் தூக்கும் பாகத்தைக் கடைந்த எஃகுக்குப் பதில் தகட்டில் அடித்தார்கள். கெட்டியான பின்களின் இடத்தில் சுருட்டிய உள்ளீடற்ற பின்களைப் போட்டார்கள். சேகரிப்பவர்கள் 'பிரீ-64' என்று தனியாகப் பிரித்துப் பேசுவது இதனால்தான். லீவரை முழுக்கத் திறந்து உள்ளே பார்த்தால் நம்பரைப் படிக்காமலே இது தெரிந்துவிடும்.

அடுத்து குழல். நீளக் குழலோடு ரைஃபிளாகப் பிறந்ததை வெட்டிக் கார்பைன் என்று விற்பது பழைய வேலை. கார்பைனில் குழலையும், அதன் அடியில் தோட்டாக்கள் நிற்கும் மேகசின் குழாயையும் இரண்டு இரும்புப் பட்டைகள் பிடித்திருக்கும். ரைஃபிளில் முன்கட்டையின் நுனியில் இரும்புத் தொப்பி இருக்கும். மேகசினைத் தாங்கும் கொக்கிக்காகக் குழலின் அடியில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். முன்முள்ளும் வேறு. பழைய கார்பைனில் அது குழலோடு சேர்ந்த மேட்டில் நிற்கும். ரைஃபிளில் பக்கவாட்டிலிருந்து தட்டிச் செருகியிருப்பார்கள். ஒரு 'கார்பைன்' குழலின் அடியில் அடைத்த பள்ளம் தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

குழலும் ரிசீவரும் ஜோடியா என்று பார்க்க ஒரு நல்ல வழி, நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துகளும் பின்னிய சோதனை முத்திரை. 1905இலிருந்து வந்த பழக்கம் இது. குழலிலும் ரிசீவரிலும் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும். குழலில் மட்டும் இருந்து ரிசீவரில் இல்லை என்றால், அந்தக் குழல் பிற்பாடு மாட்டியது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

சேடில் ரிங் 1920களின் நடுப்பகுதி வரை சாதாரணமாக வந்தது. அதற்குப் பிந்தைய நம்பரில் வளையம் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். உண்மையான வளையம் பல வருடம் ஆடி ஆடி, ரிசீவர் பக்கத்தில் பிறை மாதிரி ஒரு தேய்மானத்தை விட்டிருக்கும். என்னுடையதில் அந்தப் பிறை அவ்வளவு தெளிவாக இருக்கிறது. வாங்கியதற்கு முக்கியமான காரணமே அதுதான். அதை யாரும் ஒரு மாலைப்பொழுதில் பட்டறையில் உண்டாக்கிவிட முடியாது.

இன்னும் சில வகைகள் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சில வருடம் மட்டும் வந்த தட்டைப் பட்டைக் கார்பைன்களைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பசிபிக் வடமேற்கின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளில், விமானம் செய்வதற்கான மரத்துக்குக் காவல் போட அமெரிக்க ராணுவம் 1,800 கார்பைன்கள் வாங்கியது. ரிசீவரில் யு.எஸ். எழுத்தும் எரியும் குண்டுச் சின்னமும் இருக்கும். எண்ணிக்கை குறைவு, முத்திரை அடிப்பது சுலபம் என்பதால் போலிக்கு நல்ல தீனி. 20 அங்குலத்துக்கும் குட்டையான 'டிராப்பர்' வகையில் குழல் 16 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அமெரிக்க மத்தியச் சட்டமும் குறுக்கே வரும். அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு தரும் காகிதம் கையில் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

இனி மேற்பூச்சு. புதிதாக வருபவர்களுக்குப் பளபளப்பு பிடிக்கும். அனுபவப்பட்டவர்களுக்கு அதைப் பார்த்தால் சந்தேகம் வரும். அந்தக் கால வின்செஸ்டர் ரிசீவர்களில் நீலப்பூச்சு செதில் செதிலாக உதிரும்; அடியில் சாம்பலும் பழுப்புமாக எஃகு தெரியும். என் கார்பைனின் ரிசீவர் பெரும்பாலும் அப்படித்தான். குழலில் மட்டும் நீலம் ஓரளவு மிச்சம் இருக்கிறது. இதுதான் இயல்பு. ரிசீவர், குழல், லீவர் மூன்றும் ஒரே மாதிரிக் கருநீலமாக மின்னினால் எழுத்துகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மறுபூச்சுக்கு முன் தேய்த்திருந்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், திருகு ஓட்டைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும், பழைய துருக்குழிகளின் மேலேயே நீலம் உட்கார்ந்திருக்கும். கட்டையையும் கையால் தடவிப் பாருங்கள். ஆலையில் மரத்தை இரும்பைவிடக் கொஞ்சம் உயர்த்தியே விட்டார்கள். மரம் தாழ்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தாத்தா வழியில் வந்த கார்பைனை அன்போடு புதுப்பிக்கக் கொடுத்தார். அழகாகத்தான் திரும்பி வந்தது. ஆனால் சேகரிப்பு மதிப்பில் பெரும்பகுதி அந்தப் பட்டறையிலேயே போய்விட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனது வலிக்கிறது.

சுடுவதைப் பற்றி. எடை சுமார் மூன்று கிலோ. ரிசீவருக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினால் சமநிலையாக நிற்கும். நடந்து போகையில் இதைவிட வசதியான துப்பாக்கியை நான் தூக்கியதில்லை. வளைந்த இரும்புப் பின்தகடு மட்டும் தோளில் நன்றாகவே இடிக்கும். வெற்றுத் தோட்டா மேல்பக்கமாக வெளியேறுவதால் தொலைநோக்கி பொருத்தத் தோதுப்படாது. அதற்காக ஓட்டை போட்டிருந்தால் மதிப்பு போச்சு. மேகசின் குழாயில் தோட்டாக்கள் ஒன்றின் மூக்கு அடுத்ததன் அடியில் பட, ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால் தட்டை மூக்குக் குண்டுதான் போட வேண்டும். தனியாகப் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது, தோட்டாவை அடிக்கும் ஹேமரைப் பாதி இழுத்து ஒரு பல்லில் நிறுத்தும் அரைநிலை மட்டும்தான். அந்தப் பல் தேய்ந்திருக்கிறதா என்று துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் எந்தப் பழைய கார்பைனையும் சுட வேண்டாம். .30-30 தோட்டா சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். இதே மாடலில் வந்த இன்னொரு தோட்டாவான .25-35 அப்படி இல்லை. ஆனால் அந்தத் தோட்டாவுக்கான கார்பைனுக்கு விலை கூடுதல்.

பராமரிப்பு சுலபம். மெல்லிய எண்ணெய்த் துணி, இரும்புக்கு எப்போதாவது அருங்காட்சியக மெழுகு, அவ்வளவுதான். தோலுறையில் மட்டும் வைக்காதீர்கள், ஈரம் இழுத்துத் துரு ஏறும்.

விலைக்கு வருவோம். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகள்தான் நல்ல வழிகாட்டி. நினைவுப் பதிப்புகளில் எனக்கு ஆர்வம் இல்லை. 1981இன் நடிகர் ஜான் வெய்ன் பதிப்பு மட்டும் ஐம்பதாயிரம் வந்தது; எல்லோரும் பெட்டியோடு பத்திரப்படுத்தியதால் அபூர்வமாக ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆவணம் இருந்தால் கதையே வேறு. வயோமிங்கில் கோடி நகரத்து அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன. 94 மாடலில் 3,53,999 வரையான எண்களுக்குக் கடிதம் வாங்கலாம். பிறந்தபோது ரைஃபிளா கார்பைனா, எந்தத் தோட்டா, எப்போது அனுப்பப்பட்டது என்று அது சொல்லும். 2014இல் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜுனிப்பர் மரத்தில் சாய்த்தபடி கிடைத்த மாடல் 1873 ரைஃபிள் 1882இல் ஆலையை விட்டுக் கிளம்பியது என்று தெரிந்ததும் இந்தப் பதிவேடுகளால்தான். 2016இல் மாடல் 1886இன் முதலாவது எண் ரைஃபிள் 12 லட்சம் டாலரைத் தாண்டிப் போனதற்குக் காரணம், அது அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திப் போன படையை நடத்திய கேப்டன் லாட்டனுக்குப் பரிசாகக் கொடுத்தது என்ற உறுதியான வரலாறு. வாய்வழிக் கதைக்கு அந்தப் பணம் வராது. "ஷெரிஃப் வைத்திருந்தது" என்று விற்பவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், காசு மட்டும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

என் கார்பைனின் எண் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால் கடிதம் கிடையாது. அதனால்தான் முத்திரை, பட்டை, முள், பிறைத் தேய்மானம் எல்லாவற்றையும் நானே படிக்க வேண்டியிருந்தது. 1899க்கு முன் செய்யப்பட்டது மத்தியச் சட்டப்படி 'ஆன்டிக்'. அதற்குத் தனிக் கிராக்கி உண்டு. ஆனால் வின்செஸ்டர் தேதிப் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1899க்கு முன்னும் பின்னும் பிரிக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றுக்கு 'ஆன்டிக்' விலை கேட்டால், கோடி நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வரும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.