குள்ளப் பேத்தைத் தொட்டிக்குக் காவிரி நீரா, மழைநீரா?

இராமநாதபுரம் கடலோரத்தில் வலையில் சிக்கும் பேத்தைக்கு (உடலை உப்பவைக்கும் பஃபர் மீன்) உறவுதான் என்றாலும், கேரளம், தென் கர்நாடகம் ஆகிய பகுதிகளின் ஆறுகளைத் தாயகமாகக் கொண்டு, ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டரே வளரும் குள்ளப் பேத்தை முழுக்க நன்னீர் மீனாகும். எனவே இராமநாதபுரத்தில் இதை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர், இங்கு கிடைக்கும் நீரில் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒதுக்கிவிடலாம். எஞ்சுபவை குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும், மாடியிலிருந்து சேமித்த மழைநீரும்.

குழாய் நீரிலுள்ள குளோரின், மீனின் செவுளையும் வடிகட்டியில் வளரும் பாக்டீரியாவையும் தாக்கும். ஆயினும் சில துளி சோடியம் தயோசல்பேட் கரைசல் அதை நீக்கிவிடும் என்பதால், இது பெரிய குறையன்று.

மழைநீரில் குளோரின் இல்லை. ஆனால் நீருக்குக் காரத்தன்மை தரும் கார்பனேட்டு உப்புகளும் அநேகமாக இல்லை. நத்தையும் புழுவும் தின்று கழிவை மிகுதியாக வெளியேற்றும் இம்மீனின் தொட்டியில், அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அமிலத்தையும் உண்டாக்குவதால், அதைத் தாங்கும் காரத்தன்மையற்ற நீரில் பி.எச். (நீரின் அமில-கார அளவு) சரிந்து, பாக்டீரியா சோர்ந்து, அம்மோனியா தேங்குகிறது. வடிகட்டிக்குள் கழுவிய சிப்பி ஓடுகளை இட்டால் ஓரளவு சரியாகும். (பவளத் துண்டுகளை நாட வேண்டாம், பவளங்கள் 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.) சிமெண்டுத் தொட்டியில் சேமித்த மழைநீர், சுண்ணாம்பைச் சிறிது ஏற்றிருப்பதால் இவ்வளவு தொல்லை தருவதில்லை.

தொட்டியை நிரப்பவும் வாராந்திர நீர்மாற்றத்துக்கும் காவிரி நீரே என் தேர்வு. கோடையில் ஆவியாகும் நீரை மட்டும் மழைநீரால் ஈடுசெய்வது நல்லது. நீர் ஆவியானாலும் உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுவதால், அதற்கும் காவிரி நீரையே ஊற்றினால் உப்பு மேலும் கூடும்.